சிரித்ததால் செல்லாது

ஒரு குழந்தையின் முதல் சிரிப்புக்கு விலை நூற்றைம்பது. எட்டுப் பிரதிகள் கிடைக்கும். அவசரமென்றால் ஐம்பது கூட. ஸ்டூடியோ சுவரில் இருந்த விலைப்பட்டியலில் 'பாஸ்போர்ட் அளவு, எட்டு' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அன்று காலை அந்த விலைக்கு வந்து சேர்ந்த சரக்கு அதுதான்.

சரக்குக்குச் சொந்தக்காரி ஆறு வாரக் குழந்தை. வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். ஸ்டூடியோ தரையில் மெத்தை போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் கிடத்தியிருந்தார்கள். மேலே ஸ்டூலில் ஏறி நின்று கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்திருந்தவர் அவளுடைய தாத்தா. தெருவில் அவருக்கு 'இன்னொண்ணு' என்று பெயர். எந்தப் படம் எடுத்தாலும், அது எவ்வளவு நன்றாக வந்தாலும், "இன்னொண்ணு" என்பார். மணமக்கள் வண்டியேறிப் போன பிறகும் சொல்லியிருக்கிறார்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. மகளும் குட்டியும் போக டிக்கெட் எடுத்தாயிற்று, இன்னும் பன்னிரண்டு நாள். குட்டிக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அலுவலகத்தில் இன்று மூன்று மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள், நான்கு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். தவறினால் அடுத்த நேரம் ஒன்றரை மாதம் கழித்து. டிக்கெட்டோ திருப்பித் தர முடியாத ரகம். மலிவாகக் கிடைத்தது என்று மாப்பிள்ளை பெருமைப்பட்ட ரகமும் அதுவே.

"கண்ணு திறந்திருக்கணும், வாய் மூடியிருக்கணும், நிழல் விழக் கூடாது, சிரிக்கக் கூடாது, அடுத்தவங்க கை தெரியக் கூடாது," என்று மகள் விதிகளைப் படித்தாள்.

"பொறந்து ஆறு வாரம் ஆன ஆளுகிட்ட இவ்வளவு கேட்கிறாங்களே!" என்றார் அவர், ஒரு பக்கமாக விளக்கைத் தள்ளி வைத்தபடி.

அவருடைய மனைவி கல்லாவிலிருந்து எழுந்து வந்தாள். மொத்தத் துணி வியாபாரியின் மகள். பொருளைப் பார்ப்பதற்கு முன் அதைக் கொண்டுவந்தவனின் செருப்பைப் பார்க்கிற குடும்பம். "விளக்கு ஏன் பக்கவாட்டுல போகுது? நேரா வைங்க."

"நேரா வெச்சா முகம் தட்டையாயிடும். பக்கத்துல இருந்து வந்தாத்தான் ஆழம் கிடைக்கும்."

"ஆழம் எதுக்கு? கிணறா வெட்டறோம்?"

குட்டி கொட்டாவி விட்டாள். தும்மினாள். இரண்டு கண்ணையும் மூக்குக்குத் திருப்பிப் பார்த்தாள். முஷ்டியை வாய்க்குள் முழுசாகத் திணிக்க முடியுமா என்று ஆராய்ந்தாள். கேமராவுக்குப் பக்கத்தில் பாட்டி சாவிக்கொத்தை ஆட்ட, அதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியும் போனாள். கல்லாச் சாவிச் சத்தம் அந்தக் குடும்பத்து இரத்தத்துக்குத் தாலாட்டு.

எழுப்பியாக வேண்டும். அவர் ஸ்டூல் மேலிருந்து ஒரு சத்தம் கொடுத்தார். ஒரு காலத்தில் சதுப்பு நிலத்தில் மார்பளவு சேற்றில் நாள்கணக்காகக் கிடந்து, ஒரு கொக்கைத் தலை திருப்ப வைக்கக் கற்றுக்கொண்ட சத்தம். கொக்கு கடைசிவரை திரும்பவில்லை. குட்டி திரும்பினாள். கண்ணைத் திறந்து, மேலே தொங்கிக்கொண்டிருந்த அந்த நரைத்த மீசையை ஊன்றிப் பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமல், விதி எதையும் மதிக்காமல், முகம் முழுக்கச் சிரித்தாள்.

தூக்கத்தில் உதடு கோணுகிற சிரிப்பு இல்லை. ஆளைப் பார்த்து, ஆளுக்காகச் சிரித்த சிரிப்பு. அவர் விரல் தன்னால் அழுத்தியது.

"சிரிச்சிட்டா! என்னைப் பார்த்து! முதல் சிரிப்பு! எடுத்துட்டேன்!" ஸ்டூல் ஆடியது, அவர் ஆடினார், விளக்கு ஆடியது. மனைவி சாவிக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மூன்று தலைகள் கேமராத் திரையின்மேல் முட்டிக்கொண்டன.

"ராத்திரி பகலா தூக்கிட்டுத் திரியறது நானு. சிரிப்பு உங்களுக்கா?" என்றாள் மகள். பிறகு குரலில் ஒரு ஊசியை ஏற்றிக்கொண்டு, "ஆமா, நான் முதல்ல சிரிச்சப்போ நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

"பனிமலையில," என்று மனைவி முந்திக்கொண்டாள். "ஆட்டைப் படம் பிடிச்சிட்டு இருந்தாரு."

"அது வெறும் ஆடு இல்ல. அந்த உயரத்துல அதை யாருமே..."

"நாலு காலு, ரெண்டு கொம்பு. வேற என்னன்னு சொல்றது?"

அவர் காதில் எதுவும் ஏறவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் மெல்லிய நிழல், ஈரமான கண்ணில் ஜன்னலின் சின்னச் சதுரம். மலை ஏறி, கடல் தாண்டி, முப்பது வருஷமாக எதைத் தேடி அலைந்தாரோ அது சொந்த ஸ்டூடியோத் தரையில் வந்து விழுந்திருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் 'இன்னொண்ணு' சொல்லவில்லை.

அதுதான் தப்பு. இந்த உலகத்தில் ஒரு நல்ல போட்டோகிராபர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அந்தப் படத்தையே அச்சடித்து, வெட்டி, உறையில் போட்டார்.

"சிரிக்கக் கூடாதுன்னு படிச்சாளே, கேட்கலையா?" என்றாள் மனைவி.

"பல்லு தெரியக் கூடாதுங்கறதுதான் சட்டத்தோட நோக்கம். இவளுக்குத்தான் பல்லே இல்லையே! இதைப் பார்த்துட்டு வேணாம்னு சொல்ல ஒரு மனுஷன் பொறந்திருக்கானா?"

பிறந்திருந்தான். மூன்றாம் எண் கவுண்டரில் உட்கார்ந்திருந்தான். ஆனால் நியாயமாகச் சொன்னால், அவன் படத்தைப் பார்த்து உருகித்தான் போனான். பக்கத்துக் கவுண்டர் அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்த அம்மாள் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். முத்திரை குத்துகிறவர் கையில் முத்திரையோடு வந்து நின்றார். ஐந்து நிமிஷம் அந்த அலுவலகத்தில் எல்லோரும் மனிதர்களாக இருந்தார்கள். பிறகு அவன் படத்தை உறைக்குள் போட்டுத் திருப்பித் தள்ளினான்.

"ரொம்ப அழகா இருக்கு சார். வேற கொண்டு வாங்க."

"இதுல என்ன குறை?"

"குறையே இல்ல சார். அதான் பிரச்சினை. நாங்க பார்த்தா வாங்கிக்குவோம். பார்க்கறது மெஷினாச்சே. இதுல நிழல் இருக்கு, சிரிப்பு இருக்கு, தலை சாய்ஞ்சிருக்கு. சிரிச்சா செல்லாது. நாலு மணிக்குள்ள கொண்டு வந்தா நானே எடுத்துக்கறேன்."

மணி மூன்று இருபது. ஸ்டூடியோவுக்குப் போய்வர நேரமில்லை. கேமரா தோளில் இருந்தது. அது இல்லாமல் அவர் பல் தேய்க்கக்கூடப் போனதில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் படம் அச்சடித்துத் தருவார்கள். இல்லாதது வெள்ளைப் பின்னணி மட்டும்.

"வெள்ளைப் போர்வை ஒண்ணு வேணும். நீ உட்கார்ந்து தலையோட போர்த்திக்கணும். மடியில குட்டி. துணிக்கு உள்ளேருந்து பிடிச்சுக்கோ. படத்துல நீ வெறும் சுவரு," என்றார் கூடவே வந்திருந்த மனைவியிடம்.

"கல்யாணம் ஆனதுலேருந்து அதானே," என்று சொல்லிவிட்டு அவள் எதிர்ச்சாரித் துணிக்கடைக்குள் நுழைந்தாள்.

கடைக்காரர் நானூறு என்றார். இவள் போர்வையின் ஓரத்தை விரலில் தேய்த்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தையலை எண்ணுவதுபோல் பார்த்தாள். போட்டோகிராபர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமில்ல, கேட்டதைக் கொடுத்துத் தொலை!" என்று காதில் கிசுகிசுத்தார்.

"நேரமில்லன்னு அவருக்குத் தெரிஞ்சா ஐநூறு ஆயிடும். மூஞ்சிய சாதாரணமா வெச்சுக்கிட்டு அந்தத் துண்டைப் பாருங்க." பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "அண்ணே, இதை நான் வாங்கல. அரைமணி நேரம் வாடகைக்குக் கொடுங்க. மடிப்புக் கலையாம திருப்பித் தர்றேன்," என்றாள்.

போர்வையை வாடகைக்குக் கேட்ட முதல் வாடிக்கையாளர் அவள்தான். மறுக்க என்ன சொல்வதென்று தெரியாமல் கடைக்காரர் முப்பதுக்குச் சம்மதித்துவிட்டார்.

அலுவலகத்தின் நிழல் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் திட்டு. எதிரே சாம்பல் நிறச் சுவர். வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக, உப்புச் சப்பில்லாமல் கிடந்தது. எந்த வெளிச்சத்தைக் கண்டு முப்பது வருஷம் ஓடினாரோ, அதே வெளிச்சம். மனைவி போர்வைக்குள் மறைந்தாள். மடியில் குட்டி நிமிர்ந்தாள். அவர் மண்டியிட்டுக் கேமராவைத் தூக்கினார்.

குட்டி அவரைப் பார்த்தாள். சிரித்தாள்.

"வேணாம்டா கண்ணு. மூடு, வாயை மூடு," என்று கெஞ்சினார். குரலைக் கேட்டு இன்னும் அகலமாகச் சிரித்தாள். காலையில் கற்றுக்கொண்ட வித்தையை அவள் அரைநாளில் மறப்பதாக இல்லை. அவர் முறைத்தார், சிரித்தாள். கேமராவுக்குப் பின்னால் ஒளிந்தார், மேலே தெரிந்த புருவத்தைப் பார்த்துச் சிரித்தாள். கூட்டம் கூடிவிட்டது. வாசல் காவலாளி மீசையை முறுக்கிக்கொண்டு கடுமையாக எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒன்று கிடைத்தது. அவரும் திருப்பிச் சிரித்துவிட்டு, கெட்ட பெயர் வருமென்று உடனே மறைத்துக்கொண்டார்.

"இங்க புழுங்குதுங்க," என்றது போர்வை. "நான் என்ன இட்லியா?"

மணி மூன்று நாற்பது. மகள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள். "அப்பா, உண்மையச் சொல்லுங்க. நாங்க போகக் கூடாதுன்னுதான் இப்படிப் பண்றீங்களா?"

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை காலமும் புறப்பட்டுப் போனவர் அவர். ரயில் நகரும், பிளாட்பாரம் பின்னால் போகும், கையசைக்கிற இரண்டு பேர் சின்னதாகிக்கொண்டே வருவார்கள். அந்தக் காட்சியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஒரு தடவைகூடப் படம் எடுத்ததில்லை. பிளாட்பாரத்தில் நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது.

"போகக் கூடாதுன்னு மனசுல இருக்கு. நிறையவே இருக்கு," என்றார். "ஆனா இந்தப் படம் வராததுக்கு அது காரணம் இல்லம்மா. அவ என்னைப் பார்த்துச் சிரிக்கறா. அவ்வளவுதான். என்னைப் பார்க்காம இருந்தா வந்துடும்."

சொல்லிவிட்டு, விண்ணப்பம் வைத்திருந்த அட்டை ஃபைலைத் தலைக்கு மேல் கூரைபோலக் கவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். லென்ஸ் மட்டும் வெளியே. "நீ லென்ஸுக்குப் பக்கத்துல நில்லு. ஏதாவது படி. அன்பா எதையும் சொல்லிடாதே."

மகள் கையில் விதிமுறைத் தாள்தான் இருந்தது. அதையே உரக்கப் படித்தாள். "விண்ணப்பதாரர் மேற்கண்ட பிரிவின் கீழ் இணைக்கப்பட வேண்டிய சான்றுகளின் சுய சான்றொப்பமிட்ட நகல்களை உரிய படிவத்துடன்..."

இரண்டாவது வரியில் குட்டியின் சிரிப்பு தளர்ந்தது. மூன்றாவது வரியில் வாய் மூடியது. ஐந்தாவது வரியில் கண்கள் அகலமாகத் திறந்து, ஓய்வு பெறப்போகிற அதிகாரியின் முகம் வந்து உட்கார்ந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. க்ளிக்.

நிழல் இல்லை, ஆழம் இல்லை, உயிர் இல்லை. அவர் எடுத்ததிலேயே மட்டமான படம். "பிரமாதம்!" என்று அவர் கத்த, போர்வையைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள். போர்வை குழந்தையைப் பிடித்திருந்தது.

ஜெராக்ஸ் கடையில் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். "கைக்குழந்தை, கைக்குழந்தை!" என்று அவர் கேமராவைத் தூக்கிக் காட்டிக்கொண்டு முன்னால் போனார். கைக்குழந்தை பின்னால் வந்தது. மூன்று ஐம்பத்தைந்துக்குக் கவுண்டர். மெஷின் படத்தை இழுத்து, யோசித்து, பச்சை விளக்கைப் போட்டது. மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்படிக் கட்டிக்கொண்டு பல வருஷம் ஆகியிருந்தது. அவர் கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி அவளுக்கு இடம் கொடுத்தார்.

மனைவி வந்தாள். போர்வையை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்திருந்தாள். தலை கலைந்து, முகம் வேர்த்து, கையில் ஒரு புது விண்ணப்பப் படிவம்.

"இது யாருக்கு?"

"எனக்கு. ஒண்ணரை மாசத்துக்கு முன்னாடியே நேரம் வாங்கியாச்சு, நாளைக்குப் பதினோரு மணிக்கு. இவங்களோட நானும் போறேன். பக்கத்து சீட்டை மாப்பிள்ளை எடுத்துட்டார்."

அவர் மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

"எத்தனை நாள்?"

"குட்டி உட்கார்ற வரைக்கும். கடையை நீங்க பார்த்துக்கோங்க. கல்லாச் சாவி கொஞ்சம் இறுக்கமா இருக்கும், இடது பக்கம் அழுத்தித் திருப்பணும்."

அவர் தோளில் கேமராப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. "ஜன்னல் சீட்டு கேளு. இறக்கைக்கு முன்னாடி. காலையில அஞ்சரைக்கு எழுந்திரு, மேகத்துக்கு மேல வெளிச்சம் வர்றப்போ கண்ணாடியோட ஒட்டி வெச்சு எடு. சின்ன கேமராவைத் தர்றேன், ரெண்டு லென்ஸும்..."

"செல்போன் போதும்," என்றாள் அவள். "நான் பார்க்கப் போறேங்க. எடுக்கப் போகல."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீங்க போனப்போ கேட்டீங்களா? பெட்டி கட்டினவ நான்தானே, எண்ணி வெச்சிருக்கேன்." கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, படிவத்தின் முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே, மொத்தக் கடையில் வளர்ந்தவர்களுக்கே உரிய நிதானத்தோடு கணக்கைச் சொல்லி முடித்தாள்.

"நீங்க போனது நாற்பத்தொண்ணு. நான் போனது சைபர். இப்ப வசூல் ஒண்ணு. பாக்கி நாற்பது."