துரை நனைத்த இடங்கள்

பளிங்கு என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே மருத்துவமனையில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்து, அதன் தரைகளை முகம் பார்க்கும்படி வைத்திருந்தமையால் உடன் பணிபுரிவோர் சூட்டிய பெயர் அது. ஊதியச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவருடைய உண்மைப் பெயர் வழங்கவில்லை. ஈரத் தரையைக் கண்டால் சுவரோரமாகவே நடப்பார். கட்டிலுக்கு அடியில் விரலை ஓட்டி, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறர் வீட்டுக்கு விருந்துக்குச் சென்றாலும், நாற்காலியில் அமருமுன் அதன் கால்களைத்தான் முதலில் நோக்குவார். தம் வீட்டுக் குளியலறைக் கதவின் பின்புறத்திலும், மருத்துவமனையில் உள்ளதைப் போலவே, நேரம், செய்த வேலை, கையெழுத்து என்று கட்டம் வரைந்த தாளொன்றை ஒட்டியிருந்தார்.

அந்தத் தாளைப் பார்த்துச் சிரிப்பதற்கு இப்போது வீட்டில் எவருமில்லை. மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் புறப்பட்ட மனைவி, குழந்தைக்குப் பல் முளைக்கட்டும், நடக்கட்டும், பேசட்டும் என்று தங்கித் தங்கி இரண்டரை ஆண்டுகளைக் கழித்துவிட்டார். இருவருக்குமிடையே சண்டை யாதும் இல்லை. ஞாயிறுதோறும் மனைவி தொலைபேசியில் அழைப்பார். மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்கிறாரா என்று கேட்பார். நடுவே குழந்தை கூப்பிடும். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

மனைவி போன ஆறாம் மாதத்திலிருந்து பளிங்கு காலை முறை, மாலை முறை என்று இரட்டை முறை வேலை பார்க்கத் தொடங்கினார். பகல் இரண்டு மணிக்கு அவருடைய பணி முடிந்துவிடும். ஆயினும், மாலை முறைக்கு எவரேனும் வரவில்லையென்றால், கேட்பதற்கு முன்பே, "நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார். அவ்வகையில் வாரத்தில் நான்கு நாட்கள் அவர் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும்.

நாய் வந்தது சென்ற ஆண்டு. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைச் சலவைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியின் ஓட்டுநர், வேறிடத்தில் வேலை கிடைத்துப் போகையில், "ரெண்டே வாரம் வச்சுக்குங்கண்ணே, வீடு பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று கயிற்றை அவர் கையில் கொடுத்துச் சென்றான். பிறகு அவனுடைய எண்ணுக்கு அழைத்தால் அப்படி ஓர் எண் இல்லையென்றே குரல் வந்தது. பழுப்பு நிறமும் ஒருபக்கம் மடிந்த காதும் உடைய அந்த நாய், வந்த முதல் நாளே கூடத்து நாற்காலியில் ஏறி ஒரு முன்னங்காலின்மேல் மற்றதைப் போட்டு அமர்ந்தது. அதனால் அதற்குத் துரை என்று பெயராயிற்று.

துரையிடம் குறை ஒன்றே. வீட்டுக்குள் காலைத் தூக்கிற்று. வெளியே மூன்று தெருக்கள் சுற்றி அழைத்து வந்தாலும், உள்ளே நுழைந்ததும் குளிர்பதனப் பெட்டியின் மூலை, சாய்விருக்கையின் கால், செருப்பு அடுக்கு, வாசற்கதவின் நிலை என்று ஒவ்வோரிடத்திலும் சில துளிகளை வைத்து, அவை தன்னுடையவை என்று அறிவித்துவிட்டே படுக்கும்.

ஒருநாள் காலை, கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா மாடிப்படியின் பாதியில் நின்றுகொண்டார். கைக்குட்டை மூக்கின்மேல் இருந்தது.

"ஆஸ்பத்திரியையே கழுவி வைக்கிற ஆளு நீங்க. உங்க வீட்டு வாசனை என் அடுப்படி வரைக்கும் விருந்தாளி மாதிரி வந்து உக்காருதே!"

"தினமும் கழுவறேம்மா."

"கழுவறது தெரியுது. அந்த மருந்து நெடி ஒண்ணு, இவரு நெடி ஒண்ணு. எதுக்கு மூக்கைப் பொத்தறதுன்னே தெரியல."

"ஆம்பளை நாய்ங்கம்மா. ஆபரேஷன் பண்ணிட்டா நின்னுடும்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

"எல்லாரும்தான்."

வீட்டுக்காரம்மா கைக்குட்டையை இறக்கினார். "சரி, ரெண்டு மாசம். நின்னுச்சுன்னா இருக்கட்டும். நிக்கலைன்னா அதை எங்கயாவது அனுப்பிடுங்க. உங்களைப் போகச் சொல்லலீங்க. பத்து வருஷமா ஒரு சத்தம் கிடையாது உங்ககிட்ட. என் வழக்கு நாயோட மட்டும்தான்."

அவர் இறங்கிச் சென்றதும் பளிங்கு தம் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். இரவு எட்டரைக்குத் தாம் பூட்டில் சாவியை நுழைக்கும்போது, கதவுக்கு அந்தப்பக்கம் தரையில் நகங்கள் உராயும் ஓசையொன்று கேட்கும். நாள் முழுவதிலும் அவரை எதிர்பார்த்து எழும் ஓசை அது ஒன்றே. அது இல்லாத கதவைத் திறந்து பழகிய ஒன்றரை ஆண்டுகளை அவர் மறந்திருக்கவில்லை.

கால்நடை மருத்துவர் இளவயதுப் பெண். துரையை மேசைமீது நிறுத்தி, பல்லைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"அஞ்சு வயசு இருக்கும். இவ்வளவு நாள் ஏன் பண்ணல?"

"எங்கிட்ட வந்தே ஒரு வருஷம்தான் டாக்டர். பண்ணினா நின்னுடுமா?"

"குறையும். நிறைய நாய்ங்களுக்கு நல்லாவே குறையும். சிலதுக்கு நின்னே போயிடும். சிலதுக்கு ஒரு மாத்தமும் இருக்காது. சின்ன வயசுலயே பண்ணியிருந்தா பழகறதுக்கு முன்னாடி தடுத்திருக்கலாம். இவருக்கு இது வழக்கமாவே ஆயிடுச்சு. பண்ணினதும் மறுநாளே பலன் தெரியாது, சில வாரம் ஆகும். புரியுதா?"

"புரியுது டாக்டர்."

அவர் புரிந்துகொண்டது குறையும் என்ற முதற்சொல்லை மட்டுமே. அன்று மாலை வீட்டுக்காரம்மாவிடம், "நின்னுடும்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்றார். மனமறிந்து பொய் சொல்லாத மனிதர் அவர். ஆயினும் நின்றுவிட வேண்டுமென்ற வேட்கை, அவருடைய காதுக்கும் நாவுக்கும் இடையே அந்தச் சொல்லை மாற்றிவிட்டது.

அறுவைச் சிகிச்சை நடந்தது. கழுத்தைச் சுற்றிக் கூம்பு மாட்டிய துரை, மூன்று நாட்கள் சுவர்களிலும் கதவுகளிலும் மோதிக்கொண்டு நடந்தது. மருத்துவமனையில் செய்தி பரவாமல் இருக்கவில்லை.

"ஒண்ணுக்குப் போற எடம் தெரியாத ஆம்பளைங்க நம்ம ஆஸ்பத்திரிலயே எத்தனை பேரு இருக்காங்க!" என்றார், எல்லோரும் அக்கா என்றழைக்கும் மூத்த துப்புரவுப் பணியாளர். "அவங்களையும் அந்த டாக்டரம்மாகிட்ட வரிசையா கூட்டிட்டுப் போயிடுங்களேன், எனக்கு வேலை பாதியாக் குறையும்."

பளிங்கும் சிரித்தார். ஞாயிறன்று மனைவியிடம் சொன்னபோது மறுமுனையில் சிரிப்பில்லை.

"ஏங்க, நாய்க்கு ஆபரேஷன் வரைக்கும் போயிட்டீங்களா? என் முட்டிக்கு டாக்டரைப் பாக்கணும்னு சொன்னப்ப ஆறு மாசம் இழுத்தீங்க."

"அது வந்து..."

"சும்மா சொன்னேன், விடுங்க. சாப்பிட்டீங்களா? இருங்க, பாப்பா கூப்பிடறா."

இதற்கிடையில், துரைக்கென்று தனியாக ஒரு தாளை அவர் குளியலறைக் கதவில் ஒட்டினார். தேதி, கண்ட நேரம், இடம், துடைத்த நேரம், கையெழுத்து. மேற்பார்வையாளர் கையெழுத்துக்கென்றும் கடைசியில் ஒரு கட்டம் விட்டு, அதிலும் தாமே ஒப்பமிட்டார். துடைப்பதற்கு மருத்துவமனைக்குப் பொருள் வழங்கும் கடையிலிருந்தே ஒரு கலன் திரவம் வாங்கினார். தரையின் பழைய மெழுகையே உரித்தெடுக்கும் அமோனியாத் திரவம் அது. ஒரு பங்குக்கு இருபது பங்கு நீர் என்பது கணக்கு. அவர் பத்துப் பங்கே ஊற்றினார். கண்ணில் நீர் வந்தது. இனி இங்கே எந்த நெடியும் நிற்காது என்று மனநிறைவோடு எழுந்தார். சிறிது நேரத்தில் துரை வந்து, அதே இடத்தை முகர்ந்து, ஏதோ முக்கியமான செய்தியைப் படிப்பதுபோல நின்று, காலைத் தூக்கிற்று.

ஆறு வாரங்கள் சென்றன. தாளில் கையெழுத்துகள் நிறைந்தன. கெடுவுக்குப் பதினேழு நாட்களே எஞ்சியிருக்க, அவர் தாளைப் பிய்த்து மடித்து எடுத்துக்கொண்டு, துரையுடன் மருத்துவரிடம் மீண்டும் சென்றார்.

"நீங்க சொன்னபடி நிக்கல டாக்டர்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே! குறையும்னுதான் சொன்னேன்." மருத்துவர் தாளை விரித்ததும் புருவத்தை உயர்த்தினார். "என்ன சார் இது, ரெண்டு கையெழுத்து வேற?"

"ஒண்ணு துடைச்சவரு, ஒண்ணு சரிபாத்தவரு."

"ரெண்டு பேரும்?"

"நான்தான்."

மருத்துவர் சிரிக்கப் போய், அவருடைய முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "எதால துடைக்கறீங்க?"

திரவத்தின் பெயரைப் பெருமையோடு சொன்னார். மருத்துவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அமோனியாவா? மூத்திரம் பழசானா வர்ற நெடியே அதுதான் சார். நீங்க சுத்தம் பண்ணினதா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. இவருக்கு யாரோ அந்நிய நாய் வந்து போன மாதிரி இருந்திருக்கும். வந்தவனுக்குப் பதில் சொல்லாம சும்மா இருப்பாரா?"

இருபத்தாறு ஆண்டுப் பணியில், தாம் துடைத்த தரை அழுக்கானது என்று எவரும் அவரிடம் சொன்னதில்லை. மருத்துவர், மூத்திர நெடியைச் சிதைக்கும் நொதி கலந்த வேறொரு திரவத்தின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, தாளை மறுபடி பார்த்தார்.

"இது ஏன் இடையில இடையில காலியா இருக்கு? இந்த ரெண்டு நாள், அப்புறம் இந்த ஞாயித்துக்கிழமை, திரும்ப இங்க மூணு நாள்?"

பளிங்கு குனிந்து பார்த்தார். தேதிகளை மனத்துக்குள் ஓட்டினார். "அன்னிக்கெல்லாம் எனக்கு ஒரு ஷிப்டுதான். இல்லைன்னா லீவு."

"மத்த நாள்ல?"

"காலையில அஞ்சரைக்குக் கிளம்பினா எட்டரைக்கு வருவேன்."

"ராத்திரி எட்டரையா? பதினஞ்சு மணி நேரம் தனியாவா இருக்கு?" மருத்துவரின் குரல் தணிந்தது. "சார், நம்ம எடம்னு அடையாளம் வைக்கறது ஒண்ணு. தனியா விட்டுட்டாங்களேன்னு பதறிப் போறது ஒண்ணு. கத்தி முதல் விஷயத்தைத்தான் குறைக்கும். ரெண்டாவதுக்கு வீட்டுல ஆள் வேணும். அவ்வளவு நேரம் வேலை பாத்தே ஆகணுமா? வீட்டுல கஷ்டமா?"

"கஷ்டமெல்லாம் இல்ல டாக்டர்."

"அப்புறம் ஏன்?"

பளிங்கு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

புதிய திரவத்தால் வீடு முழுவதையும் மும்முறை துடைத்தார். நான்கு நாட்களுக்குள் குளிர்பதனப் பெட்டியும் சாய்விருக்கையும் செருப்பு அடுக்கும் தாளிலிருந்து மறைந்தன. வாசற்கதவின் நிலை மட்டும், அவர் இரவில் திரும்பும் நாட்களில், நனைந்தே இருந்தது.

மறு வாரம் ஒருநாள், மாலை முறையை வேண்டாமென்று மறுத்துவிட்டு இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்தார். நிலை உலர்ந்திருந்தது. துரை அவரைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பிறகு அவருடைய பாதத்தின்மேல் தலையை வைத்து உறங்கிவிட்டது. இரண்டேகால். குளிர்பதனப் பெட்டி முனகிற்று, நின்றது. சுத்தமாயிருந்த அடுப்பை ஒருமுறை துடைத்தார். இரண்டரை. மனைவியின் உடைகள் இருந்த அலமாரியைத் திறந்து மூடினார். தொலைபேசியை எடுத்து, அன்று புதன்கிழமையென்பது நினைவுக்கு வந்து, வைத்துவிட்டார். மூன்று மணிக்குச் சன்னலருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்தபோது, இந்த வீட்டில் ஒரு பிற்பகல் எவ்வளவு நீளமானது என்பதை அறிந்துகொண்டார். மறுநாள் மாலை முறைக்கு ஆள் கேட்டபோது, அவருடைய கை தானாகவே உயர்ந்தது. அன்றிரவு நிலை நனைந்திருந்தது.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்காரம்மா மேலே வந்தார். கைக்குட்டை கையில் இருந்ததேயன்றி மூக்குக்குப் போகவில்லை. கூடத்தின் நடுவில் நின்று மூச்சை நன்றாக உள்ளிழுத்தார். துரை நாற்காலியிலிருந்து அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"பரவாயில்லையே! ஒரு நெடியும் காணோம். நின்னுடுச்சா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். தரை உலர்ந்திருந்தது, காற்று தூய்மையாயிருந்தது, கேட்டவரும் அதையே எதிர்பார்த்து நின்றார். பளிங்கு வாசற்கதவின் நிலையருகே போய் நின்றார்.

"முழுசா நிக்கலைங்கம்மா. புது மருந்து போட்டுத் துடைக்கறதால உங்களுக்குத் தெரியல. இந்த ரெண்டு வாரத்துல ஏழு தடவை. எல்லாம் இந்தக் கதவுகிட்டதான்."

"அப்ப ஆபரேஷன் தண்டமா?"

"தண்டம்னு சொல்ல முடியாது. மத்த எடமெல்லாம் விட்டுடுச்சே, அதுல அதுக்கும் பங்கு இருக்கும். இந்தக் கதவு மட்டும் நான் நாள் முழுக்க வெளியில இருக்கறதால."

வீட்டுக்காரம்மா நிலையையும் நாயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேச்சு மாறக் கூடாதுல்ல? இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"நாய் இருக்கட்டும்மா," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நாளையிலேர்ந்து நான் சாயந்தர ஷிப்டு பாக்கல. ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவேன். அதுக்கும் நிக்கலைன்னா வேற வீடு பாத்துக்கிட்டு, நாங்க ரெண்டு பேருமே போயிடறோம்."