மாடிக்கு வந்த கடல்

எக்ஸ்ரே அக்கா கடைத்தெருவில் குடியேறிய அடுத்த மாதம், ஒரு மத்தியான வேளையில், கடல் அவர் வீட்டு மாடிப்படி ஏறி வந்தது. புயலும் இல்லை, மழையும் இல்லை. கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம். துறைமுகத்துப் பக்கமிருந்து கிளம்பிய கடல் தெருவின் ஓரமாகவே வந்து, கயிற்றுக் கடையையும் பேக்கரியையும் தாண்டி, நடைபாதையில் விற்பனைக்கு விரித்திருந்த பாய்களை நனைக்காமல் சுற்றிக்கொண்டு, தையல் கடைக்கும் கடிகாரக் கடைக்கும் நடுவே இருந்த குறுகலான வாசலில் திரும்பியது. கடிகாரக்காரர் கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே பார்த்தார். யாரைத் தேடிப் போகிறது என்று மட்டும் தையல்காரரிடம் கேட்டார். மாடிக்குப் புதிதாக வந்திருக்கிற அம்மாவைத்தான் இருக்கும் என்றார் தையல்காரர். ஊருக்கு இது கேள்விப்படாத சங்கதி இல்லை. முன்னொரு காலத்தில் கடல் ஒரு கோடை முழுக்கத் தபால் நிலையத்தில் தங்கியிருந்ததாகவும், அந்த வருஷம் வந்த கடிதங்களில் எல்லாம் உப்பு பூத்திருந்ததாகவும் சொல்வார்கள்.

எக்ஸ்ரே அக்கா என்பது பழைய ஊரிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்த பெயர். பெருநகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை எக்ஸ்ரே எடுத்தவர் அவர். மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க. பகல் பொழுதில் அவர் மனிதர்களோடு பேசியது பெரும்பாலும் இவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பியைப் படிக்கவைத்தார், அவனுக்கு ஒரு குடும்பம் அமைத்துக் கொடுத்தார், அவன் வீட்டுப் பின்னறையிலேயே தங்கிவிட்டார். அவருடைய கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தம்பிக்குப் பரீட்சை இருந்தது. பரீட்சைகள் முடிந்தபோது பேச்சு நின்றுபோயிருந்தது. தம்பி மனைவி அவரை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பின், அவர் கூடத்துக்குள் நுழையும்போதெல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு மரியாதையாக வேறு பக்கம் திரும்பியது. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போகவே, தனக்கென்று ஓர் ஊரைத் தேடிக்கொள்வது என்று அக்கா முடிவு செய்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது சின்ன ஊர், ஆனால் கலகலப்பான கடைத்தெரு உள்ள ஊர். கடற்கரை ஊர்களாகப் பார்த்துப் போனதற்குக் கடல்மேல் உள்ள ஆசை காரணமில்லை. கடல் இருக்கிற ஊரில் ஒரு பக்கம் தெரு முடிந்துவிடும், அந்தப் பக்கம் போக்கிடம் இல்லாமல் ஜனங்கள் எல்லாரும் கடைத்தெருவுக்கே வந்தாக வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. பஸ் பிடித்து ஊர் ஊராகப் போனார். ஒவ்வொரு ஊரிலும் கடைத்தெருவில் காலையிலிருந்து பொழுது சாயும் வரை உட்கார்ந்து பார்த்தார். ஓர் ஊரில் விளக்கு வைப்பதற்குள் கடையெல்லாம் சாத்திவிட்டார்கள். இன்னோர் ஊரில் எல்லாரும் கழுத்தில் கேமரா மாட்டிய வெளியூர்க்காரர்களாக இருந்தார்கள். மற்றொன்றில் கூட்டம் இருந்தது, ஆனால் யாரும் யாரோடும் பேசவில்லை. கடைசியாக வந்த ஊரில், தெருவின் நடுவே நின்று சினிமாக் கொட்டகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தலையில் கூடையோடு வந்த மீன்காரி ஒருத்தி அவர்மேல் மோதினாள்.

“நடுத்தெருவுல நின்னுகிட்டு என்னக்கா யோசனை? தள்ளி நின்னு யோசிக்கக் கூடாதா?” என்று அதட்டிவிட்டுப் போனாள்.

அக்காவை யாராவது அதட்டிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அன்று சாயங்காலமே தையல் கடைக்கு மேலிருந்த அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்.

அறை நல்ல அறை. தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், உத்தரத்தில் ஒரு மின்விசிறி, மூலையில் சமையல் மேடை. ஜன்னலைத் திறந்தால் தெரு மொத்தமும் உள்ளே வந்துவிடும்: கயிற்றுக் கடைக்காரரின் பேரம், ஐஸ் தொழிற்சாலையின் இரைச்சல், கொட்டகை வாசல் சிரிப்பு. கீழே இறங்கினால் கடைக்குக் கடை வாங்கக்கா என்றார்கள், கேட்டதை நிறுத்துக் கொடுத்தார்கள், அடுத்த ஆளைப் பார்த்து வாங்கண்ணே என்றார்கள். ஊர் சுமுகமான ஊர்தான். ஆனால் படியேறி யாரும் வரவில்லை. சாயங்காலங்களில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு தெரு நிறைய ஆட்களைப் பார்ப்பார். அத்தனை பேரில் ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. தெருவில் நடக்கிறவர்களுக்கு மேலே பார்க்க என்ன இருக்கிறது? மூன்றாவது வாரம் அவர் குழாயிடம் பேச ஆரம்பித்தார். சொட்டுவதை நிறுத்தச் சொல்லித்தான் முதலில் பேசினார். பிறகு மற்ற விஷயங்களும் வந்தன.

கடல் வந்தது அதற்குப் பிறகுதான். கதவு சாத்தாமல் இருந்தது. கணுக்கால் அளவுக்கு உள்ளே வந்து, அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கட்டிலுக்கு அடியில் அடங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. அக்கா காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர் முன்னால் இப்படி உட்காருவது நன்றாக இல்லை என்று தோன்றவே கீழே இறக்கினார். வெயில் தணிந்ததும் கடல் வந்த வழியே போய்விட்டது. கீழே தையல் கடையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மறுநாளும் அதே வேளைக்கு வந்தது. வருஷக்கணக்கில் வந்தது. அக்கா அரிசி டப்பாவை மேல்தட்டுக்கு மாற்றினார், செருப்பைக் கயிறு கட்டி வாசல் ஆணியில் மாட்டினார், கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார். கடலிடம் தம்பியின் பரீட்சைகளைப் பற்றிச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்க வந்துவிட்டு, படுக்கச் சொன்னதும் அப்படியே தூங்கிப்போன கிழவரைப் பற்றிச் சொன்னார். ஒருமுறை மனதில் வைத்திருந்த ஓர் ஆளைப் பற்றியும் சொன்னார். அது கேட்டதா என்று தெரியாது. சொல்லி முடிக்கும் வரை போகவில்லை, அவ்வளவுதான்.

தம்பி ஒரே ஒரு தடவை பார்க்க வந்தான். அவன் எதிரே உட்கார்ந்து மகனுடைய வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கடல் வந்தது. அவன் கால்சட்டையை முட்டிவரை சுருட்டிவிட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தான். கிளம்பும்போது, “ரூம் கொஞ்சம் ஈரமா இருக்குக்கா, மூட்டுவலி வந்துடப்போகுது, பாத்துக்கோ” என்றான். வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்வானோ என்று அக்கா வாசல்வரை கூடவே போனார். அவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னான்.

அதற்கும் சில வருஷங்கள் கழித்து அவன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தம்பி போனில் சொன்னான்.

“சிம்பிளா பண்றோம்க்கா. ரொம்ப நெருங்கினவங்க மட்டும்தான். நீ இவ்வளவு தூரம் அலைய வேணாம்.”

“அதுவும் சரிதான்,” என்றார் அக்கா. “பசங்க நல்லா இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டுக் கீழே போய், ஜன்னலுக்குத் திரை தைக்கச் சொல்லித் தையல்காரரிடம் துணி வாங்கிக் கொடுத்தார். கெட்டித் துணியாக, வெளிச்சம் வராத துணியாகப் பார்த்து வாங்கியிருந்தார். அன்று மத்தியானம் வந்த கடல் திரும்பிப் போகவில்லை.

மறுநாளும் போகவில்லை. முழங்கால் உயரத்துக்கு அறையிலேயே கிடந்தது. வாரங்கள் போயின. கரையில் படகுகள் சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்தன. மீன் வரத்து நின்றது, ஐஸ் தொழிற்சாலையின் இரைச்சல் நின்றது. கயிறு வாங்க ஆளில்லை, கொட்டகையில் மின்விசிறிகள் காலி நாற்காலிகளுக்குச் சுழன்றன, பேக்கரிக்காரர் வாசலில் உட்கார்ந்து தானே சுட்ட ரொட்டியைத் தானே தின்றார். அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டேயிருந்தார். எந்தத் தெருவுக்காக ஊர் ஊராக அலைந்தாரோ அந்தத் தெருவில் இப்போது ஒருவரும் இல்லை.

கடைசியில் அவர்கள் படியேறி வந்தார்கள். படகுச் சங்கத் தலைவர், ஐஸ் தொழிற்சாலை மேலாளர், பின்னால் அன்று அதட்டிய மீன்காரி. தண்ணீருக்குள் நின்று, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். வந்தவர்களை உட்காரவைக்க ஒரு நாற்காலிதான் இருக்கிறதே என்று அக்கா பதறினார்.

“நாங்க தப்பா ஒண்ணும் சொல்ல வரலம்மா,” என்றார் தலைவர். “உங்க வீட்டுக்கு வந்தவங்கள போகச் சொல்ல நாங்க யாரு? ஆனா போட்டெல்லாம் சேத்துல கிடக்கு.”

“நானா பிடிச்சு வச்சிருக்கேன்? கதவு தெறந்துதானே இருக்கு.”

“போகச் சொன்னீங்களா?” என்று கேட்டாள் மீன்காரி.

அக்கா சொல்லியிருக்கவில்லை.

“சொன்னா மட்டும் போவாதுக்கா,” என்றாள் மீன்காரி, குரலை இறக்கி. “கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. யாரா இருந்தாலும் வாசல்வரைக்கும் போய்தானே வழியனுப்புறோம்.”

அக்கா செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினார். கடல் பின்னால் இறங்கியது. கடைத்தெருவில் அவர் முன்னே நடக்க, ஊரார் கடைப்படிகளில் ஏறி ஒதுங்கி நின்றார்கள். கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றினார். இத்தனை வருஷத்தில் அக்கா கரைக்குப் போனதே இல்லை. கரையில் நின்றுவிடலாம் என்று நினைத்தார். நின்றால் கடலும் நின்றது. அதனால் படகுகளைத் தாண்டி, வெறும் தரையாகக் கிடந்த கடலடி நிலத்தில் இறங்கி நடந்தார். அங்கே துருப்பிடித்த நங்கூரம் கிடந்தது, மூக்குக்கண்ணாடிகள் கிடந்தன, யாரோ வீசிய சாவிக்கொத்து கிடந்தது. ஊரின் சத்தம் பின்னால் தேய்ந்து போனது. ரொம்ப தூரம் போன பிறகு கடல் அவரைக் கடந்து முன்னால் போகத் தொடங்கியது. கணுக்கால், முழங்கால், இடுப்பு. வழியனுப்ப வந்தவர் திரும்ப வேண்டிய இடம் அதுதான். ஆனால் திரும்பிப் போய் என்ன செய்வது என்று அக்காவுக்குப் புரியவில்லை. இப்படியே கூடப் போய்விட்டால் என்ன என்று நினைத்ததாக வெகு காலத்துக்குப் பிறகு மீன்காரியிடம் சொல்லியிருக்கிறார். தண்ணீர் மார்புவரை வந்தபோது, அவர் தன்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

கரையில் கூட்டம் கூடியிருந்தது. அத்தனை பேரும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்வதை எண்ணிக்கொண்டு நின்றார்கள். தையல்காரர் மட்டும் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு கத்தினார்:

“அக்கா, உங்க திரை தைச்சு ரெடியாயி பத்து நாளாச்சு! எப்ப வந்து வாங்கிக்கப் போறீங்க?”

தண்ணீர்மேல் வந்து காதில் விழுந்த அது பெரிய அழைப்பு ஒன்றும் இல்லை. திரை அவருக்கு இப்போது தேவைகூட இல்லை. ஆனாலும் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லிப் பழகியவர் அக்கா. மூச்சை விட்டார். “இதோ வரேன்,” என்றார், அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்கும் கேட்டிருக்காது. திரும்பி நடந்தார்.

ஒரு வாரம் ஊர் அவரைக் கொண்டாடியது. பேக்கரிக்காரர் ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை. பிறகு மீன் வந்தது, ஐஸ் வந்தது, கூட்டம் வந்தது, ஊருக்கு வேலை வந்துவிட்டது. கடல் மட்டும் வரவில்லை. அக்கா மத்தியானங்களில் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தார். பிறகு தானே கரைக்குப் போய்ப் பார்த்தார். அது மற்றவர்கள் காலை நனைப்பது போலவே அவர் காலையும் நனைத்துவிட்டு, முன்பின் தெரியாததுபோல் போய்விட்டது. அந்த வருஷம்தான் அவருக்கு எல்லா வருஷங்களிலும் நீளமான வருஷம். அறையின் சுவர்கள் காய்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

மழைக்காலத்துக்குப் பின் ஒருநாள் மீன்காரி முனகிக்கொண்டே படியேறி வந்தாள். முட்டி வீங்கியிருந்தது. எலும்பு பார்க்கிற ஆளாமே நீங்க, கொஞ்சம் பாருங்களேன் என்றாள். மெஷின் இல்லாமல் என்னத்தைப் பார்ப்பது என்றார் அக்கா. இருந்தாலும் பார்த்தார். ஒற்றை நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். மீன்காரி முட்டியைப் பற்றிக் கொஞ்சமும், மருமகளைப் பற்றி நிறையவும் பேசிவிட்டுப் போனாள். அப்புறம் எப்போதாவது, வியாபாரம் சீக்கிரம் முடிந்த நாட்களில், மறுபடி வந்தாள்.

அப்படி அவள் வந்திருந்த ஒரு மத்தியானம்தான் கடலும் திரும்ப வந்தது. படி முக்கால்வாசி ஏறி, வாசலில் இரண்டாவது ஜோடிச் செருப்பு கிடப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. பிறகு சத்தம் காட்டாமல் இறங்கிப் போய்விட்டது. மறுநாள் ஒரு ஜோடிதான் இருந்தது. அன்று உள்ளே வந்தது.

அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. கடல் உள்ளே போன நாட்களில் படிக்கட்டு மேல்படிவரை நனைந்திருக்கும். பாதியில் திரும்பிய நாட்களில் பாதிப்படிவரைதான் ஈரம். தினமும் சாயங்காலம் கடைக்கு முன்னால் தண்ணீர் தெளித்துப் பெருக்க வரும்போது தையல்காரர் எட்டிப் பார்ப்பார். மாதத்தில் ஓரிரு நாள் மேல்படிகள் காய்ந்திருக்கும். மற்ற நாட்களில் உச்சிவரை ஈரமாகவே இருக்கும். அவர் ஒரு பழைய சாக்கை எடுத்துக் கீழ்ப்படியில் போட்டுவிட்டு, வழுக்காமல் இறங்கி வரும்படி மேலே பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.