தனக்கொடி கேட்ட வரம்

"சாகவே மாட்டேன்னு வரம் கெடச்சிருக்கு. அப்புறம் எதுக்குடி இந்த ஆளு பக்கம் பக்கமா அழுவுறான்?"

இதுதான் என் சந்தேகம். எழுபத்தெட்டாம் வருஷம், பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் பாடத்தில் ஒரு பழைய கவிதை. கிரேக்கர்களின் புராணக் கதையை வைத்து எழுதியது. லெக்சரர் அம்மா நோட்ஸ் சொல்லிக்கொண்டே போனார், நாங்கள் எழுதிக்கொண்டே போனோம், ஒருத்திக்கும் விளங்கவில்லை. பரீட்சையோ நெருங்கிவிட்டது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலேயே தனக்கொடி இருந்தாள், என் வகுப்புதான். கவிதை என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

போகிற நேரமா அது என்று கேட்டால், இல்லைதான். அவளே பல நாளாகக் காலேஜுக்கு வரவில்லை. அவள் அப்பா அரிகிருஷ்ணன் படுக்கையில் கிடந்தார். மில்லில் தறி ஓட்டியவர். முந்தின வருஷம் பக்கவாதம் வந்து விழுந்தார், ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். தாயில்லாத பெண் என்ன செய்வாள்? மாரியம்மன் கோயிலுக்கு ஓடி, ஈரத் தாவணியோடு தரையில் உருண்டு வேண்டிக்கொண்டாள். அவர் பிழைத்தார். ஆனால் எழுந்திருக்கவே இல்லை. பேச்சு போயிற்று. உடம்பு சிறுத்துக்கொண்டே வந்தது. இப்போது கஞ்சியும் இறங்கவில்லை, கண் மட்டும் திறந்திருந்தது.

போகிற உயிருக்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பால் ஊற்றி வழியனுப்புவது எங்கள் வழக்கம். எல்லாரும் வந்து ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். தனக்கொடி மட்டும் ஊற்றவில்லை. குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையில் பாலை ஊற்றிக் கையில் கொடுத்தால், வாங்கிக் கீழே வைத்துவிடுவாள்.

"பெத்த பொண்ணு கையால ஊத்தாம உயிர் எப்பிடிப் போவும்? எந்தம்பி உன்னப் பாத்துக்கினே இழுத்துக்கினு கெடக்கறான்" என்றாள், ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அவள் அத்தை குஞ்சம்மாள்.

"உனக்கு ஊருக்குப் போவணும்னா பஸ் இருக்கு அத்த. எங்க நைனாவ அனுப்பிட்டுத்தான் போவணும்னு இல்ல."

"பாத்தியா வாய! காலேஜிக்கு அனுப்புனா இதான் வரும்."

அத்தை கெட்டவள் இல்லை. திட்டிக்கொண்டே தம்பியின் கண்ணில் மொய்த்த ஈயை முந்தானையால் விரட்டினாள்.

தனக்கொடி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து கவிதையை முதல் தடவையாகப் படித்தாள்.

"கதைய மொதல்ல கேளு வேம்பு. விடியக்காலத்துக்குன்னு அவங்களுக்கு ஒரு பொம்பள சாமி. ஒரு மனுசன் மேல ஆசப்பட்டா. இவன் செத்துப்போயிடுவானேன்னு பயம். பெரிய சாமிகிட்ட போயி, இவனுக்குச் சாவே வரக்கூடாதுன்னு கேட்டா. அவரும் குடுத்துட்டாரு."

"நல்லதுதானே?"

"வயசாவக்கூடாதுன்னு கேக்க மறந்துட்டா. அவ தெனம் புதுசா வர்றா. இவன் கெழவனாயி, வத்திப்போயி கெடக்கறான். சாவும் வரல. என்னை விட்டுடும்மான்னு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் கண் புத்தகத்தில் இல்லை. அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிப்டு முழுக்க நின்ற கால், குச்சியாகக் கிடந்தது.

"யாருகிட்டடி கேக்கறான்?" எனக்குப் பரீட்சை அவசரம்.

"அவகிட்டதான். வரம் குடுத்தவர்கிட்ட இல்ல, கேட்டவகிட்ட."

"அது என்னா விவரம் கெட்ட சாமி?" என்று அத்தை நடுவில் புகுந்தாள். "நோவு நொடி இல்லாம வெச்சிருன்னு சேத்துக் கேக்க வேணாமா?"

"பயத்துல அதெல்லாம் தோணாது அத்த. நானும் உயிர மட்டுந்தான் கேட்டேன்."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள், விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. "அவளே திரும்பப் போயி மாத்திக் கேக்கக் கூடாதாடி?"

"அவளால முடியல. குடுத்தா குடுத்ததுதானாம்." புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள். "நம்ம மாரியாத்தா அப்பிடி இல்ல. தெருக்கோடியிலதான் இருக்கா. நேரா போயி மூஞ்சிக்கு மூஞ்சி சொல்லலாம்."

மறுநாள் விடியலில் வாசல் தெளிக்க வந்தேன். தலையில் ஈரம் சொட்ட, கோயில் பக்கமிருந்து அவள் வந்துகொண்டிருந்தாள். வெளிச்சம் அவள் முகத்தில்தான் முதலில் விழுந்ததுபோல் இருந்தது.

"ஆத்தாகிட்ட என்னாடி சொன்னே?"

"தெரியாம கேட்டுட்டேன், எடுத்துக்கோன்னு சொன்னேன்."

பக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் போனேன்.

அவளே பாலைக் காய்ச்சி ஆற்றினாள். அப்பாவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கண் அவள் பக்கம் திரும்பியது.

"நைனா, நான் பொழச்சுக்குவேன். உன்னப் புடிச்சி வெக்கல. நீ போ."

முதல் வாய்ப் பால் தொண்டையில் இறங்கியது. இரண்டாவது கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் பாலாடையைச் சாய்த்தாள்.

அத்தனை நாளாக ஊத்து ஊத்து என்று நச்சரித்த குஞ்சம்மாள் அத்தைதான் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "போதும்டி, போதும். இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போவட்டும்டி எந்தம்பி!"

தனக்கொடி கையை உதறவில்லை. பாலாடையை அத்தையிடமே கொடுத்தாள். குனிந்து மூச்சைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அவர் கண்களை மூடினாள்.