எண்ணூறு எழுத்து வித்தியாசம்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் வந்து 'ஏன் இப்படிக் கத்துகிறாய்?' என்று யாரும் கேட்கக் கூடாது.

சென்ற செவ்வாய்க்கிழமை என் மனைவியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். மருத்துவமனையை ஒட்டிய ஆய்வகம் ஒன்றில் பதினோரு வருஷமாக டெக்னீஷியன். நாற்பத்தொன்றாம் எண் நோயாளியிடமிருந்து எடுத்த கிருமி வளரவில்லையாம். அதை மறைக்க, பதினேழாம் எண்ணின் கிருமியிலிருந்து கொஞ்சம் எடுத்து இன்னொரு குழாயில் போட்டு, நாற்பத்தொன்று என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாளாம். திங்கள் காலை பத்து மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். அதற்குப் பிறகு வேறெந்த ஆய்வகமும் அவளை உள்ளே விடாது.

பதினேழாம் எண் நான்தான். முழு ஆள் அல்ல. வயிற்றுப்புண்ணுக்காகத் தொண்டை வழியே கேமரா விட்டபோது கிள்ளியெடுத்த அரிசியளவு சதை.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மனித வயிற்றுக்குள் அமிலம் கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கொதிப்பில்…'

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "அமிலம் கொதிக்காதுங்க" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

அடுத்து: 'அவள் மாற்றவில்லை என்பது அவளுக்குத் தெரியும், குழாய்களுக்குத் தெரியும், ஆனால் உலகம்…'

உலகத்தை இழுத்தாலே நான் பொய் சொல்லப் போகிறேன் என்று அர்த்தம். அதையும் விட்டுவிட்டேன். தொடக்கம் இல்லாமலே போகிறேன்.

2.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் கிருமி ஒன்று இருக்கிறது. திருகாணி போன்ற உடம்பு. வயிற்றின் உட்சுவரில் இருக்கும் வழவழப்பான படலத்துக்குள் திருகிக்கொண்டு நுழையும். தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு, நம் செலவில் ஆயுசு முழுக்கக் குடியிருக்கும். நம் உடம்பு அதைத் துரத்த ஆள் அனுப்பும். அது சட்டையை மாற்றிக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும். இந்தச் சண்டையில் புண்ணாவது நம் வயிறு.

[என் உறவினர்கள் சிலரையும் இதே வார்த்தைகளில் விவரிக்கலாம். கதை அதற்கல்ல.]

இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. வழக்கமாகத் தாயிடமிருந்து. அல்லது, சாப்பாட்டை மென்று ஊட்டியவர் எவரோ அவரிடமிருந்து.

கிருமியின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படிக்க முடியும். நான்கே எழுத்துகள் மாறிமாறி வந்து சுமார் பதினாறு லட்சம். மனைவியின் ஆய்வகம் நூற்றிருபது பேரின் கிருமிகளைப் படித்து, எது எதற்குச் சொந்தம் என்று பார்க்கிறது. முன்பின் தெரியாத இரண்டு பேரின் கிருமிகள் என்றால் ஐம்பதாயிரம் எழுத்தாவது வேறுபடும். பதினேழுக்கும் நாற்பத்தொன்றுக்கும் எண்ணூற்றுச் சொச்சம்தான் வித்தியாசம்.

நாற்பத்தொன்றுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெண். வயது எழுபத்தொன்று. இரண்டாம் மாடி வார்டு.

"ஒரே குழாயிலிருந்து எடுத்திருந்தா வித்தியாசமே இருக்காது. மிஞ்சிப் போனா ரெண்டோ மூணோ எழுத்து" என்று மனைவி எனக்கு விளக்கினாள். வேலை இல்லாத கை என்பதால், சாப்பாட்டு மேஜையை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எண்ணூறு எழுத்து மாறணும்னா வருஷக்கணக்கு ஆகும். ஒரு வயித்துல வருஷத்துக்குச் சுமாரா பத்து மாறும். ரெண்டு வயிறு, தனித்தனியா. கணக்குப் போட்டுப் பாருங்க."

நாற்பது வருஷம். எனக்கு வயது நாற்பத்து நாலு.

3.

அவளுடைய ஆய்வகத் தலைவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'டெட்லைன்' என்று கூப்பிடுவார்கள். இந்தக் கணக்கை அவள் அவரிடமும் சொன்னாள்.

"மெஷின் தப்பாப் படிச்சிருக்கும்மா" என்றாராம்.

"எல்லாக் குழாய்க்கும் சரியாப் படிச்ச மெஷின் இந்த ரெண்டுக்கு மட்டும் எப்படி சார் தப்பாப் படிக்கும்? உறைபெட்டியில மிச்சச் சதை இருக்கு. நானே மறுபடி வளத்துக் காட்டட்டுமா?"

"நீயா? நல்லாயிருக்கே! திருடன்கிட்டயே சாவியக் குடுக்கச் சொல்றியா?"

"அப்ப அந்த அம்மா எழுதிக் குடுத்த படிவத்தையாவது பாருங்க சார்."

படிவத்தை நிரப்பியது நாற்பத்தொன்று. அதைக் கணினியில் ஏற்றியது என் மனைவி. கேள்வி பதினெட்டு: 'குழந்தைகளுக்கு உணவை மென்று ஊட்டியது உண்டா?' பதில்: 'உண்டு. தங்கச்சி பையன். நாலு வயசு வரைக்கும்.'

அவர் பார்க்கவில்லை. "தங்கச்சி பையன்னா ஊர்ல ஆயிரம் பேரு. உன் வீட்டுக்காரருக்கு யாரு ஊட்டினாங்கன்னு அவரே கட்டுரை எழுதியிருக்காரே! என் பொண்ணுக்குப் பாடத்துல வருது, மனப்பாடமாச் சொல்றா. 'அம்மா மென்ற ஆப்பிள்'. அவங்க அம்மாதான் ஊட்டியிருக்காங்க. நடுவுல இந்தக் கிழவி எங்க இருந்தும்மா வந்தா?"

என் மனைவி வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், அதே கேள்வியை என்னிடம் கேட்டாள்.

[இந்த டெட்லைனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். ஆளை வேண்டுமென்றே கெட்டவனாக எழுதுகிறேனோ? மகள் பாடம் ஒப்பிப்பதை உட்கார்ந்து கேட்கிற அப்பா. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுக் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். இரண்டு குழாய்களைத் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. ஒரு டெக்னீஷியனையும் சேர்த்துப் போட்டால் கேள்வி கேட்கவும் ஆளில்லை. கெட்டவன் இல்லைதான். அதனாலேயே இன்னும் ஆத்திரமாக வருகிறது.]

4.

ஞாயிறு மதியம் அம்மாவிடம் போனேன். எங்களோடுதான் இருக்கிறாள். துவைத்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்கு ஒரு அக்கா இருந்தாங்கல்ல?"

"யாருடா சொன்னா?"

"எனக்கே ஞாபகம் இருக்கு."

"நாலு வயசுல என்ன பெரிய ஞாபகம்? எனக்கு அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல."

'நாலு வயசு' என்று நான் சொல்லவே இல்லை. துண்டை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். "அத்தை, ஒரே ஒரு கையெழுத்துதான். இவருக்கு ஊட்டினது உங்க அக்கான்னு. எனக்கு வேலை போயிடும் அத்தை."

"என் பிள்ளைய என் கையால வளத்தேன். ஊரே படிக்குது. புத்தகத்துலயே போட்டிருக்கு, போய்ப் பாரு."

"புத்தகத்துல போட்டவன் நான்தானேம்மா" என்று கத்தினேன்.

அம்மாவும் கத்தினாள். அவ்வளவு வருஷமும் எங்கே வைத்திருந்தாளோ தெரியவில்லை. "ஆபீஸ் விட்டதும் ஓட்டமா ஓடி வருவேன்டா. நீ அவ முந்தானைய விட மாட்ட. அன்னிக்கு உனக்குக் காய்ச்சல். நானும்தான் ஆப்பிள மென்னு குடுத்தேன். துப்பின. என் மூஞ்சியிலயே துப்பின. அவ குடுத்ததும் தின்ன."

மடித்த துண்டைக் குவியலிலேயே திரும்பப் போட்டாள்.

"அவள நான் போகச் சொல்லல. பஸ் ஏத்தி விட்டேன், அவ்வளவுதான்."

"கையெழுத்து அத்தை…"

"இத வெளிய சொன்னீங்கன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

இந்த இடத்தில் அம்மாவின் மேல் உங்களுக்கு இரக்கம் வரலாம். இருபத்தேழு வயதுப் பெண், முகத்தில் வழியும் ஆப்பிளோடு. எனக்கும் வந்தது. ஆனால் ஒரு ஆளையே இல்லை என்று ஆக்குவதற்கு இரக்கம் சாக்காகுமா? நாற்பது வருஷம் வாய் கூசவில்லையே அவளுக்கு.

5.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். டெட்லைனைத் திட்டியிருக்கிறேன், அம்மாவைத் திட்டியிருக்கிறேன். மீதி ஒரு ஆள் இருக்கிறான்.

அந்தக் கட்டுரையை இருபத்தாறாவது வயதில் ஒரு போட்டிக்காக எழுதினேன். முதல் பிரதியில் இருந்தது பெரியம்மாதான். ஆப்பிள் துண்டை வாயில் போட்டு, தோலை மட்டும் நாக்கால் பிரித்துத் துப்பி, கூழை விரல் நுனியில் எடுத்து என் உதட்டில் தடவுவாள். அந்த விரலில் ஒரு நகம் வளைந்திருக்கும். எல்லாமே அவள்தான். ஆனால் பெரியம்மா என்று எழுதினால், ஏன் பெரியம்மா, அம்மா எங்கே, பெரியம்மா பிறகு என்ன ஆனாள் என்றெல்லாம் சொல்ல வேண்டும். போட்டியில் ஆயிரம் சொல் வரம்பு. அம்மா என்று போட்டால் ஒரு விளக்கமும் வேண்டாம். படிக்கிறவர் தானாகவே அழுவார்.

மாற்றினேன். நகத்தைக்கூட மாற்றவில்லை. அம்மாவின் நகம் வளைந்ததில்லை.

பரிசு கிடைத்தது. பாடப்புத்தகத்திலும் வந்தது. அம்மா பத்துப் பிரதி வாங்கி உறவுக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தாள். நகத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆக, ஒருத்தியுடையதை எடுத்து இன்னொருத்தியின் பெயரை ஒட்டிய ஆள் ஆய்வகத்தில் இல்லை. இந்த மேஜையில் உட்கார்ந்து உங்களிடம் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறான். அவன் செய்ததற்கு அவன் மனைவி தண்டனை வாங்கப் போகிறாள்.

6.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. இரண்டாம் மாடி வார்டு. அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மனைவி படித்துவிட்டு, "அவங்க அழுதா என் வேலை திரும்பக் கிடைச்சிடுமா?" என்றாள். கிழித்தேன்.

இரண்டு. கிருமியைக் கொல்ல எனக்குப் பதினாலு நாள் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பெரியம்மா எனக்குள் விட்டுப்போனது அது ஒன்றுதான் என்பதால், நான் மாத்திரையைச் சாப்பிடாமல் ஜன்னல் வழியே வீசுகிறேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. உண்மையில் நான் முதல் நாளே சாப்பிட்டுவிட்டேன். வலி தாங்கவில்லை.

மூன்று. நான் வார்டுக்குப் போகிறேன். அவள் திரும்பி… போகவில்லை. ஐந்து நாளாக அவள் எங்கே படுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து அரைமணி நேரம். போகவில்லை. இதற்கு அடைப்புக்குறி போட்டு மறைக்க எனக்கு முகமில்லை.

"கதை போதும்" என்றாள் மனைவி. அவள் குரலில் கெஞ்சல் முடிந்து கோபம் வந்திருந்தது. "ஒரு பக்கம் லெட்டர் எழுதுங்க. நான் எழுதினது பொய், எனக்கு ஊட்டினது எங்க பெரியம்மான்னு. உங்களுக்கு இத்தன பக்கம் எழுத வருது, அந்த ரெண்டு வரி வரலியா?"

7.

திங்கள் காலை எட்டரை. கடிதம் டைப் அடித்தாகிவிட்டது. உள்ளபடியே தருகிறேன்:

'பாடப்புத்தகத்தில் உள்ள என் கட்டுரையில் வரும் பெண் என் தாய் அல்ல, என் தாயின் அக்கா. நான்கு வயது வரை எனக்கு உணவை மென்று ஊட்டியவர் அவரே. பெயரை மாற்றியது நான். என் மனைவி எந்தக் குழாயிலும் எதையும் மாற்றவில்லை. உறைபெட்டியில் உள்ள சதையை வேறொருவரைக் கொண்டு மறுபடி சோதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. வாசலில் அம்மாவின் பெட்டி, கட்டித் தயாராக. அம்மா அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கடிதம் போனால் தானும் போகிறேன் என்கிறாள். யார் பஸ் ஏற்றி விடப் போகிறார்கள் என்று சொல்லவில்லை.

நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அந்தப் படிவத்துல பத்தொன்பதாவது கேள்வி ஒண்ணு இருக்கு. அத நான் உங்ககிட்ட சொல்லல. சொன்னா உடைஞ்சிடுவீங்கன்னு நினைச்சேன். இப்ப உடைஞ்சாப் பரவாயில்ல."

'அந்தக் குழந்தையோடு இப்போது தொடர்பு உண்டா?'

'இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட புத்தகத்தில் அவன் எழுதியதைப் படித்தேன். நல்லா எழுதியிருக்கான்.'

[நோயாளியின் பதிலை வெளியே சொன்னதற்காக மனைவி மேல் இன்னொரு விசாரணை வரலாம். எழுதி அச்சுக்குக் கொடுத்தவன் நான். என்னைப் பிடியுங்கள்.]

கையெழுத்துப் போட்டேன். அதை மட்டும் உங்களிடம் விடவில்லை.

8.

(இந்தப் பகுதி காலி. பத்து மணி விசாரணை, வாசலில் இருக்கும் பெட்டி, இரண்டாம் மாடிப் படிக்கட்டு எல்லாம் இதற்குள்தான் நடக்க வேண்டும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பெரியம்மா பேசும் இடம் வந்தால் அவள் பெயரிலேயே போடுங்கள். என்னிடம் கொடுத்தால் மறுபடியும் மாற்றிவிடுவேன்.)