மேசையில் ஆடிய தாடை

ஹமீமாவின் கைப்பையில், வெள்ளைத் துவாயில் சுற்றியபடி, அவளுடைய கணவரின் தாடை இருந்தது.

நிஜத் தாடை அல்ல, அச்சு. ஸெய்னுலாப்தீனின் கீழ்த்தாடையில் இடப்பக்கம் முளைத்திருந்த கட்டியை எலும்போடு வெட்டி எடுத்துவிட்டு, காலெலும்புத் துண்டொன்றை அங்கே வைத்து, உலோகத் தகட்டால் பிணைக்கப் போகிறார்கள். அந்தத் தகட்டை முன்கூட்டியே அளவாக வளைத்துக்கொள்ள ஒரு மாதிரி வேண்டும். ஸ்கேன் படத்தைக் கொண்டு மாத்தளை டவுனில் ஸுஹைல் என்ற இளைஞர் முப்பரிமாண மெஷினில் அடுக்கடுக்காக அச்சடித்துக் கொடுத்த பிளாஸ்டிக் தாடை அது. "திங்கக்கிழமை ஆஸ்பத்திரி வாட்டுல நிக்க வரும்போது கையோட எடுத்துட்டு வாங்க" என்று டொக்டர் மதுஷிகா சொல்லியிருந்தார்.

இன்று திங்கட்கிழமை. நாவுலயில் ஏறி, மாத்தளையில் மாறி, கண்டி பஸ்ஸில் இருவரும் இருந்தார்கள். ஹமீமா பையின் பிடியை விடவேயில்லை.

நேற்று அஸர் தொழுதுவிட்டு அவள் செய்த வேலைதான் காரணம். கடை மேசை, பஸ் சீட் என்று எங்கெல்லாமோ பட்ட பொருள். அவர் வாய்க்குள் போகும் தகடு இதில்தானே உரசப் போகிறது? மூன்று பிள்ளைகளின் பால் போத்தல்களைக் கொதிநீரில் போட்டெடுத்த கை சும்மா இருக்குமா? பிஸ்மில்லாஹ் சொல்லி மும்முறை கழுவினாள். அதோடு விட்டிருக்கலாம். உப்புப் போட்டுக் கொதித்த தண்ணீரில் அமிழ்த்தி, முப்பத்துமூன்று தஸ்பீஹ் ஓதி முடிக்கும்வரை வைத்திருந்தாள். துடைத்து மேசையில் வைத்தபோது, காலையில் அசையாமல் பதிந்து நின்ற தாடை, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு டக் டக்கென்று ஆடியது. அழுத்திப் பார்த்தாள். ஆட்டம் நிற்கவில்லை. அவரிடம் வாய் திறக்கவுமில்லை.

"என்ன புள்ள, மொகம் செத்துப்போய் ஈக்கி?" கட்டி அழுத்தியதால் ஸெய்னுலாப்தீனின் பேச்சு குழறியது. "கத்தி எனக்கா, ஒனக்கா?"

"சும்மா இருங்க."

"பையத் தா, நான் வெச்சிக்கிறேன். என்ட தாடதானே?"

"வேணாம்!" பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

சொன்னால், ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த புதன்கிழமை ஒபரேஷன் தேதி போய்விடும். கட்டியோ கிழமைக்குக் கிழமை பெரிதாகிறது. சொல்லாவிட்டால்? ஒரு நூல் அளவுதானே என்று மனம் சமாதானம் சொல்லும். அந்த டக் டக் உடனே காதில் கேட்கும்.

கண்டி ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் துவாயைப் பிரித்தார். "நல்லா அடிச்சிருக்காரே" என்றபடி தகட்டை எடுத்து, குறட்டால் பிடித்தார்.

"டொக்டர், வளைக்க வேணாம்!" ஹமீமாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நான் அத சுடுதண்ணியில போட்டுட்டேன்."

டொக்டர் தகட்டை ஒதுக்கினார். தாடையை மேசையில் வைத்தார். டக். அளவுகோலைப் பிடித்து, ஸ்கேன் கணக்கோடு ஒப்பிட்டார்.

"நாலு மில்லிமீட்டர் ஒடுங்கியிருக்கு. இதுக்கு வளைச்சிருந்தா மேல் பல்லும் கீழ் பல்லும் சேராது. சோறு மெல்ல ஏலாது."

"வழமையா கோழிதான் அவிப்பா, டொக்டர்" என்றார் ஸெய்னுலாப்தீன். "இப்ப மாப்புளட தாடையையும் அவிச்சிட்டா."

யாரும் சிரிக்கவில்லை.

"சூடு பட வேணாம்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார் டொக்டர். "நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள புதுசு வந்தா வளைச்சு, கிருமி நீக்க அனுப்பலாம். இல்லாட்டி தேதி மாறும்."

ஸுஹைலுக்கு அப்போதே போன் போனது. மெஷின் பதினொரு மணி நேரம் ஓடவேண்டும் என்றார் அவர். "கரண்ட் நின்டா மொதல்ல இருந்துதான், மாமி."

பகல் இரண்டு மணிக்கு ஒரு தடவை, நான்கு மணிக்கு ஒரு தடவை, மஃரிபுக்கு முன் ஒரு தடவை ஹமீமா அவருக்குப் போன் எடுத்தாள்.

"கரண்ட் ஈக்கா, தம்பி?"

"ஈக்கி, மாமி. ரிவர்ஸ்டன் மலப் பக்கம் இடி. ஆனா மெஷின் ஓடுது."

அதற்குப் பிறகு அவளுக்கு எடுக்கத் துணிவு வரவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்கு, சூடு புகாத ரெஜிபோம் பெட்டியொன்றை அணைத்தபடி ஸுஹைலே படியேறி வந்தார். "ரெண்டு தரம் வெளிச்சம் மங்கிச்சி, மாமி. நிக்கல்ல."

ஹமீமா தாடையை மேசையில் வைத்தாள். ஒரு விரலால் வலப்பக்கம் அழுத்தினாள். பிறகு இடப்பக்கம். அசையவில்லை.

"கழுவிக் குடுக்கல்லியா?" என்றார் கட்டிலில் இருந்து ஸெய்னுலாப்தீன்.

அவள் தன் கைச்சூட்டுக்கும் பயந்து, முந்தானை நுனியால் பிடித்து அதை டொக்டரிடம் நீட்டினாள். டொக்டர் தகட்டைக் குறட்டால் பிடித்தார். தகடு மெல்ல வளைந்து அந்தத் தாடையின் ஓரமாகப் படியத் தொடங்கும்வரை ஹமீமா மூச்சு விடவில்லை.