ஒரே டிஸ்க், இரண்டு ரோடு

வானெஸுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவனைக் கண்டால் ஆகாது. கென்ட்டில் படங்களைத் தொகுக்கும் எங்கள் நிறுவனத்தில் நெட்வொர்க் அவன் கையில். சேமிப்புப் பெட்டியிலிருந்து தொகுப்பு அறைகளுக்குப் போகும் ஆரஞ்சு நிற ஃபைபர் கேபிள்கள் என் கையில். படங்களைப் பெட்டியிலிருந்து கொண்டுபோக இந்த இரண்டில் ஒன்று போதும், எது என்று திங்கட்கிழமை முடிவு என்று முதலாளி லீவன் சொல்லியிருந்தார். ஃபைபர் போனால் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் மயோனைஸ் தொட்டு உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தபோது வானெஸ் பீற்ற ஆரம்பித்தான். சேமிப்புப் பெட்டியில் நெட்வொர்க் வழியைத் திறந்துவிட்டானாம். அவன் சர்வரில் பெரிய டிஸ்க் ஒன்று காலியாகத் தெரிந்ததாம். புது டிஸ்க், தயார் செய்யட்டுமா என்று சர்வர் கேட்டதாம். இவன் சரி என்று தட்டிவிட்டானாம்.

யாரைக் கேட்டு அதில் கை வைத்தாய் என்றேன்.

"உன் ஃபைபர் டிஸ்க எவன் தொட்டான்? இது நெட்வொர்க்ல வர்ற ஐ-ஸ்கஸி, என்னோடது. வயித்தெரிச்சலா இருந்தா மயோனைஸக் கொறச்சுக்க."

சொல்லி வாய் மூடவில்லை, தொகுப்பாளர் வேர்லா வெளிறிப்போய் வந்து நின்றாள். மெஷினை அணைத்துத் திரும்பப் போட்டாளாம், துறைமுகத் தொழிலாளியின் பேட்டி மொத்தமும் காணவில்லை. அந்தக் கிழவர் போன மாதம்தான் இறந்தார். மறுபடி யாரைப் போய் எடுப்பது? லீவன் நேராக என்னைப் பார்த்து, உன் ஃபைபர்தானே என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எல்லோரையும் வானெஸின் திரை முன்னால் இழுத்துப் போனேன். ஒவ்வொரு டிஸ்குக்கும் தனி எண் உண்டு. காணாமல் போனதன் எண்ணை என் பக்கத்திலிருந்து வாசித்தேன். வானெஸின் 'புது' டிஸ்கிலும் அதே எண். அவன் முகம் செத்துப்போனது.

"பாருங்க லீவன், டிஸ்கோட பேசுற பேச்சு ஒண்ணுதான், அதுக்குப் பேரு ஸ்கஸி. நான் அத ஃபைபர்ல அனுப்புறேன். இவன் நெட்வொர்க்ல அனுப்புறான், அதத்தான் ஐ-ஸ்கஸிங்கறான். ரோடுதான் வேற, போய்ச் சேர்ற டிஸ்க் ஒண்ணே. வேர்லா மெஷின் எழுதினத இவன் சர்வருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததக் காலின்னு சொல்லிடுச்சு. இந்த மடையனும் நம்பிட்டான்."

நல்லவேளை, எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் டிஸ்கின் முகப்புக் குறிப்பு மட்டும்தான் அழிந்திருந்தது. வானெஸின் வழியை மூடிவிட்டு அதைத் திரும்ப எழுதினேன். சாயங்காலம் வேர்லாவின் திரையில் கிழவர் இருமிக்கொண்டே பேசினார். இனி வானெஸ் தொலைந்தான் என்று எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

லீவன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வானெஸுக்குச் செம டோஸ் கிடைத்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரே டிஸ்க், ஒரே பேச்சு, ரோடு மட்டும்தான் வேறன்னு நீதானே சொன்ன? அப்ப எனக்கு எதுக்கு ரெண்டு ரோடு?"

என் ரோட்டில் நெரிசல் கிடையாது, படம் திக்காமல் ஓடும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஃபைபரும் நானும் வீட்டுக்கு என்று தெரிய, திங்கள் வரைகூடக் காக்க வேண்டியிருக்கவில்லை.

பையை எடுக்கும்போது வானெஸ் வந்து நின்றான். அந்த முகப்பை எப்படித் திரும்ப எழுதினாய், கொஞ்சம் காட்டேன் என்று குழைந்தான்.

"அடுத்த தடவ உன் சர்வர் தயார் செய்யட்டுமான்னு கேட்டா வேணாம்னு சொல்லு," என்றேன். "அதுக்கு மேல நான் உனக்கு எதையும் சொல்லித் தர்றதா இல்ல."