சுக்கான் பிடித்தவள்

சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் செய்திமடலை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்த ஜென்சி, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் எழுந்து போனாள். அடுப்பை மத்தியானமே அணைத்தாயிற்று. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

பல்கலைக்கழக முன்னாள் மாணவர் துடுப்புப் படகுக் கழகத்துக்குச் செய்திமடல் எழுதும் வேலை எப்போதோ அவள் தலையில் கட்டப்பட்டது. இந்தக் கழகத்தாருக்கு ஒரு வழக்கம் உண்டு, நல்ல சேதியை மட்டும்தான் அனுப்புவார்கள். பதவி உயர்வு, மகள் கல்யாணம், பேரன் பிறந்தது, கனடாவில் வீடு வாங்கியது. அதற்கப்புறம் நேராகக் கண்ணீர் அஞ்சலி. நடுவில் யாருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததாகச் செய்தி கிடையாது. இத்தனை ஆரோக்கியமான கூட்டத்தை நீங்கள் தேடினாலும் பார்க்க முடியாது.

இந்தத் தடவையும் அப்படித்தான். ஹனீஃபா பெரிய கடைவீதி ஜவுளிக்கடைக்குத் தில்லைநகரில் ஒரு கிளை திறந்திருக்கிறார். பொன்மலைப் பணிமனையில் தைரியராஜுக்குச் சிறந்த பொறியாளர் விருது. திருவானைக்காவல் சிவசங்கரின் மகனுக்கு சென்னையில் ஆண் குழந்தை. எல்லாவற்றையும் தட்டி முடித்து, கடைசிச் செய்திக்கு வந்தாள். நாளை காலை காவிரியில் வருடாந்தரப் படகுப் போட்டி, பழைய மாணவர்களும் இப்போது படிக்கிறவர்களும் மோதுகிறார்கள். பழைய அணி: டோமினிக், சிவசங்கர், ஹனீஃபா, தைரியராஜ். சுக்கான்: ஜென்சி.

முதல் பெயரில் அவள் விரல் நின்றுவிட்டது. டோமினிக் அவள் கணவர். அக்டோபரில் ரத்தக்குழாய் அடைப்புக்காக அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

ஊருக்கெல்லாம் வேளாங்கண்ணிக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மாதா பேரைச் சொல்லிப் பொய் சொன்னதற்காக ஜென்சி தனியாகப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். நடக்கலாம், ஆனால் மூச்சு வாங்குகிற எதையும் ஆறு மாசத்துக்குத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டோமினிக் அதில் முதல் வார்த்தையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மீதியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

"நாளைக்கு வேண்டாங்க. இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லிடுங்க," என்று அவரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"இடுப்புன்னா விடுவானுங்களா? கிழவனாயிட்டான்னு கேலி பண்ணியே கொன்னுடுவானுங்க."

"பண்ணிட்டுப் போறாங்க. உங்க உயிரைவிட அது பெருசா?"

"மெதுவா பேசு. பக்கத்து வீட்ல கேக்கும்." டோமினிக் ஜன்னலைச் சாத்தினார். "ஜென்சி, காலேஜ் காலத்துலேருந்து அந்த முதல் துடுப்பு என்னோடது. ஒரு வருஷம் வரலேன்னா, ஏன்னு கேப்பானுங்க. கேட்டா தெரியும். தெரிஞ்சா அப்புறம் என்னை எல்லாரும் கையைப் பிடிச்சுப் படி ஏத்துவானுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு நீ சத்தியம் பண்ணியிருக்கே."

"பண்ணித் தொலைச்சேன்."

படகைத் திருப்புகிற சுக்கானை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாமா என்றும் யோசித்தாள். அப்படிக் கொடுத்தால், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாத ஒருத்தர் படகில் டோமினிக்குக்கு எதிரே உட்காருவார். அதைவிடத் தானே போவது மேல் என்று தோன்றியது. ராத்திரி முழுக்க அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

மார்கழிக் குளிரில் ஓடத்துறைக் கரை கலகலவென்று இருந்தது. எதிர்க்கரையில் அம்மா மண்டபம் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு வந்துகொண்டிருந்தது. காவிரிப் பாலத்தில் நடக்க வந்தவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கைக்கு இடம் பிடித்துவிட்டார்கள். ஹனீஃபாவின் மனைவி ஹாஜிரா பெரிய ஃப்ளாஸ்க் நிறைய சுக்குக் காப்பியோடு வந்திருந்தாள்.

"என்ன ஜென்சி, கண்ணெல்லாம் செவந்து கிடக்கு? தூங்கலயா?"

"கொசு, அக்கா."

"எங்க வீட்லயும் இவரு ராத்திரி பூரா ஒக்காந்தே இருக்காரு. கேட்டா வாய்வுங்கிறாரு. வயசானாலும் ரேஸுன்னா இவங்களுக்கெல்லாம் சின்னப்புள்ள மாதிரி தூக்கம் வராது போல."

போட்டிக்கு முன்னால் இரண்டு அணியின் சுக்கான்காரர்களும் பரிசலில் ஒரு சுற்றுப் போய் மணல் திட்டுகளைப் பார்த்து வருவது கழகத்தின் பழக்கம். காவிரி ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றுகிறவள். போன வருஷம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருஷம் நாணல் முளைத்திருக்கும். இளைய அணியின் கனிஷ்கா பரிசலிலேயே எழுந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "மேம், அம்மா மண்டபம் படித்துறை தாண்டினதும் புதுசா ஒரு திட்டு, தண்ணிக்கு அடியில. வலது பக்கமா ஒதுங்கிப் போயிடணும்," என்றாள். ஜென்சி தலையாட்டினாள். அவள் அப்போது கரையில் கைகால்களை உதறிக்கொண்டிருந்த டோமினிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியானது, நீளமானது. துடுப்புப் போடுகிற நாலு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டி ஒருவர் பின் ஒருவராக உட்காருவார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பின்கோடியில் சுக்கான் கயிற்றைப் பிடித்திருப்பவள் மட்டும்தான் முன்னால் பார்ப்பாள். அவள் சொன்னால் இழுப்பார்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள், கரை சேரும்வரை எதிர்க்கேள்வி கிடையாது. அவளுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் முதல் துடுப்புக்காரர் இருப்பார். அவர் வைக்கிற தாளத்தில்தான் மற்றவர்கள் இழுக்க வேண்டும். அவருக்குப் பின்னால் இருக்கிறவர்கள் சுக்கான்காரிக்கு வெறும் தோளும் தலைமுடியும்தான்.

விசில் ஊதியதும் இளையவர்கள் பாய்ந்து முன்னால் போனார்கள். ஆறு அவர்களுக்கு அப்பா எழுதிவைத்த சொத்து மாதிரி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனார்கள். பழையவர்கள் அவசரப்படவில்லை. டோமினிக் நீளமாக இழுத்தார், பின்னால் மூன்று துடுப்பும் அதே அளவில் தண்ணீரில் இறங்கி ஏறின. "இழு... விடு... இழு... விடு..." என்று ஜென்சி குரல் கொடுத்தாள். அம்மா மண்டபம் நெருங்கும்போது இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. பாலத்தின் மேலிருந்து சத்தம் கிளம்பியது.

டோமினிக்கின் முகம் சிவந்திருந்தது. அப்புறம் சிவப்பு போய் உதட்டைச் சுற்றி வெளுத்த மாதிரி இருந்தது. வெயில் விழுவதால் அப்படித் தெரிகிறதா? நெற்றியில் இருப்பது வேர்வையா, தெறித்த தண்ணீரா? ஜென்சியின் வாய் இழு, விடு என்று சொல்லிக்கொண்டிருந்தது. கண் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தது. நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாலு துடுப்பும் நின்றுவிடும். வீட்டில் எதற்கும் மசியாத மனுஷன் இங்கே அவள் சொன்னதைக் கேட்டே ஆக வேண்டும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. டோமினிக் அதைப் புரிந்துகொண்டார். லேசாகத் தலையை ஆட்டி, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். அவர் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை. அவளால் சொல்லவும் முடியவில்லை, அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

படகின் அடியில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது.

அப்புறம் எல்லாம் ஒன்றாக நடந்தது. படகு மணலில் ஏறி நின்றது. நாலு பேரும் மல்லாக்கச் சாய்ந்தார்கள். தைரியராஜின் துடுப்பு கையை விட்டுப் பறந்தது. ஜென்சி முன்னால் போய் டோமினிக்கின் நெஞ்சின் மேலேயே விழுந்தாள். விழுந்தவள் உடனே எழுந்திருக்கவில்லை. காதை அங்கேயே வைத்துக் கேட்டாள். உள்ளே தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

பாலத்திலிருந்து யாரோ விசிலடித்தார்கள். கனிஷ்காவின் படகு வலது பக்கமாக ஒதுங்கி, சொகுசாகப் பாலத்தை நோக்கிப் போய்விட்டது.

"ஏம்மா ஜென்சி, ஜெயிக்கிற ரேஸும்மா!" தைரியராஜ் மணலில் இறங்கி நின்று கத்தினார். "யானை மாதிரி திட்டு கிடக்கு, கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?"

"காலைலதானே பரிசல்ல போய்ப் பாத்துட்டு வந்தே?" என்று டோமினிக்கும் சேர்ந்துகொண்டார்.

மற்றவர்கள் மட்டும் கேட்டிருந்தால் ஜென்சி மன்னிப்புக் கேட்டிருப்பாள். இந்த மனுஷன் கேட்டதுதான் அவளால் தாங்க முடியாமல் போய்விட்டது.

"உங்க மூஞ்சியிலதான் இருந்துச்சு! வேற எங்க இருக்கும்? ரெண்டு மாசமா அங்கதான் இருக்கு. சோறு திங்கும்போதும் அதைத்தான் பாக்கிறேன், தூங்கும்போதும் எழுந்து ஒக்காந்து அதைத்தான் பாக்கிறேன்." அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "அவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு. அக்டோபர்ல. வேளாங்கண்ணி போனோம்னு சொன்னது பொய்."

டோமினிக் மெல்ல எழுந்து நின்றார். "சத்தியம் பண்ணியே ஜென்சி."

"பண்ணேன். மீறிட்டேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க."

டோமினிக்கும் சிவசங்கரும் கணுக்கால் அளவு தண்ணீரில் இறங்கினார்கள். சிவசங்கர் தொண்டையைச் செருமினார்.

"எத்தனைடா?"

"ஒண்ணு," என்றார் டோமினிக், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எனக்கு ரெண்டு." சிவசங்கர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "மார்ச் மாசம் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன்ல, அப்ப. பேரனைப் பாக்கப் போனேன்னு சொன்னேன். பேரன் பொறந்ததே போன வாரந்தான். எவனாவது கணக்குப் போட்டீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா," என்றார் தைரியராஜ், தப்புச் செய்தவர் போல.

ஜென்சிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவும் செய்தாள். அப்போதுதான் ஹனீஃபா இன்னும் படகிலிருந்து இறங்கவில்லை என்று கவனித்தாள். போட்டி முழுக்க அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தாள். சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. கொஞ்ச நேரத்துல விட்டுடும். எப்பவும் விட்டுடும்." அவர் எச்சிலை விழுங்கினார். "பைபாஸ் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் வான்னாங்க. ரேஸை முடிச்சுட்டு ஹாஜிராகிட்ட சொல்லலாம்னு இருந்தேன். அவளுக்கே பிரஷர் இருக்கு..."

"அறிவு கெட்டவனே!" டோமினிக் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு அவரிடம் ஓடினார். "இதை வெச்சுக்கிட்டாடா துடுப்புப் போட வந்தே? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பொம்பள என்னடா பண்ணும்? உன் வீம்புக்கு அவளை..."

பாதியில் நின்றுவிட்டார். ஜென்சியைத் திரும்பிப் பார்த்தார். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். டோமினிக் துடுப்பை எடுத்துத் தலைக்கு மேல் நிமிர்த்திப் பிடித்து, பாதுகாப்புக்கு நின்ற மோட்டார் படகைக் கூப்பிட்டார். ஊரே பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மோட்டார் படகு வந்து மூன்று பேரையும் ஜென்சியையும் ஏற்றிக்கொண்டது. உடம்பில் கோளாறு இல்லாத ஒரே குற்றத்துக்காக தைரியராஜ் படகுக்குக் காவலாக மணலில் நிறுத்தப்பட்டார். ஓட்டி வந்தவரிடம் ஜென்சி ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாள். ஹனீஃபாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது. கரையில் ஹாஜிரா முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி நிற்பது அங்கிருந்தே தெரிந்தது.

"தங்கச்சி, அவகிட்ட இப்ப சொல்லிடாதே," என்றார் ஹனீஃபா. "வீட்டுக்குப் போயி பக்குவமா நானே சொல்லிக்கிறேன்."

"முடியாது, அண்ணே." ஜென்சி கரையில் நின்ற ஹாஜிராவைப் பார்த்தபடி சொன்னாள். "இன்னொண்ணைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்ல. கரைக்குப் போனதும் நீங்க சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

டோமினிக் குறுக்கே பேசுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

படகு மணலைத் தொட்டதும் ஹாஜிரா ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "என்ன ஆச்சு? ஏன் நின்னுட்டீங்க? யாருக்கு என்ன?"

ஹனீஃபா வாயைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். சுற்றிலும் இளைய அணி, கழகத்தார், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று ஏகப்பட்ட பேர் கூடிவிட்டார்கள். ஜென்சி மூச்சை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் டோமினிக் எழுந்து நின்றார்.

"எனக்கு ஹார்ட்ல கோளாறு, ஹாஜிராம்மா," என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஸ்டென்ட் வெச்சிருக்கு. வெளியில தெரிஞ்சா அசிங்கம்னு மறைச்சு வெச்சிருந்தேன். ஜென்சியையும் மறைக்க வெச்சேன். அது தப்பு."

ஹாஜிரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டி, பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்த தன் புருஷனைப் பார்த்தாள். ராத்திரி பூரா உட்கார்ந்தே கிடந்த மனுஷனை.

"நீங்க?" என்று கேட்டாள்.